தூண் தாங்கியது, குழாய் தாங்கவில்லை



நிலநடுக்கத்தில் கட்டடங்கள் என்ற பொருளில் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தூண், உத்தரம், அஸ்திவாரம் மூன்றையும் எடுத்துக்கொள்வார்கள். நான் மற்றவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஃபால்ஸ் சீலிங், அதற்குமேல் ஓடும் ஏசி டக்ட், தீயணைக்கும் ஸ்ப்ரிங்க்ளர் குழாய், தடுப்புச் சுவர், மாடிக் கைப்பிடிச்சுவர், கண்ணாடி முகப்பு, லிஃப்ட், ஜெனரேட்டர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, ஆக்சிஜன் குழாய், புத்தக அலமாரி. கட்டடத்தின் பாரத்தை இவை எதுவும் தாங்குவதில்லை. அதனாலேயே எங்கள் துறையில் இவற்றுக்குக் கட்டமைப்பு சாராத உறுப்புகள் என்று பெயர். எங்கள் கணக்குகளில் இவை வெறும் எடையாக மட்டுமே வரும். இவை எப்படி நிற்கின்றன, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்ற கேள்வி பெரும்பாலும் யாருடைய மேசைக்கும் வருவதில்லை. இன்று நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே சில்மார் பகுதியில் ஆலிவ் வியூ என்ற அரசு மருத்துவமனை இருக்கிறது. 1971 பிப்ரவரி 9 அதிகாலையில் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம் வந்தபோது, அதன் புதிய கட்டடம் புழக்கத்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. படிக்கட்டுக் கோபுரங்கள் கட்டடத்திலிருந்து பிய்ந்து சாய்ந்தன. ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்தின் கூரை ஆம்புலன்ஸ்கள் மேலேயே விழுந்தது. அங்கே 3 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவமனை ஊழியர், இடிபாடு விழுந்து இறந்தார். மற்ற இருவரும் சுவாசக் கருவியின் உதவியோடு உயிர்வாழ்ந்துகொண்டிருந்த நோயாளிகள். மின்சாரம் போயிற்று, மாற்று மின்சாரம் வரவில்லை, கருவிகள் நின்றன. கான்கிரீட் இடிந்து விழுந்ததைப் பற்றி நூறு கட்டுரைகள் வந்தன. அந்த இரண்டு பேரின் மரணத்துக்குக் காரணம் கான்கிரீட் அல்ல என்பதை அவற்றில் மிகச் சிலவே அழுத்திக் கூறின.

அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். 1973 முதல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னிய மருத்துவமனைச் சட்டம், ஒரு மருத்துவமனை நிலநடுக்கத்துக்குப் பிறகு நின்றால் மட்டும் போதாது, வேலையும் செய்ய வேண்டும் என்று விதித்தது. அதே இடத்தில் 1980-களில் புதிய ஆலிவ் வியூ எழுந்தது. கான்கிரீட் சுவர்களும் எஃகுத் தகட்டுச் சுவர்களும் கொண்ட 6 மாடி. அவ்வளவு உறுதியான மருத்துவமனைக் கட்டடத்தை அந்தக் காலத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

1994 ஜனவரி 17, அதிகாலை 4:31. நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம், அளவு 6.7. மருத்துவமனை வளாகத்தில் தரையின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.91 பங்காகப் பதிவாயிற்று. கூரையில் அது 2.31 மடங்கு. இத்தனை கடுமையான ஆட்டத்தைத் தாங்கிய கட்டடங்கள் உலகில் குறைவு. கட்டமைப்பில் சொல்லும்படியான சேதம் இல்லை. அதை வடிவமைத்தவர்கள் பெருமைப்பட்டதில் தவறே இல்லை. ஆனால் ஸ்ப்ரிங்க்ளர் குழாய்களும் குளிர்நீர்க் குழாய்களும் உடைந்தன. தண்ணீர் தளம் தளமாக இறங்கியது. நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஊரே காயம்பட்டு மருத்துவமனையைத் தேடி வரும் நாளில், கட்டமைப்பில் பெரிய சேதமே இல்லாத மருத்துவமனை தன் நோயாளிகளை வேறிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள மேலே சொன்ன இரண்டு எண்களே போதும். தரையில் 0.91, கூரையில் 2.31. நிலம் ஆடுவதைக் கட்டடம் அப்படியே மேலே கடத்துவதில்லை, பெருக்கிக் கடத்துகிறது. அமெரிக்க விதித்தொகுப்பு நீண்ட காலம், கூரைத் தளத்தில் தரையைப்போல் 3 மடங்கு முடுக்கம் என்று வைத்துக் கணக்குப் போடச் சொன்னது. ஓடும் பேருந்தில் டிரைவர் பிரேக் அடித்தால், கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர்தான் விழுவார், பேருந்து கவிழாது. கட்டடத்துக்குள் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை கம்பியைப் பிடிக்காமல் நிற்பவைதான். கட்டடத்தை எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ, அவ்வளவு கூர்மையான ஆட்டம் உள்ளே இருப்பவற்றுக்குப் போகிறது. ஆலிவ் வியூவில் நடந்தது அதுதான். அஞ்சாமல் நிற்கும்படி கட்டிய சுவர்கள் ஆட்டத்தைக் குறைக்காமல் மேலே அனுப்பின, அந்த ஆட்டத்தைக் குழாய்கள் வாங்கிக்கொண்டன.

இன்னொரு வகைச் சேதமும் உண்டு. ஆட்டத்தின்போது மேல்தளம் ஒருபக்கமும் கீழ்த்தளம் மறுபக்கமும் நகரும். இடையில் இருக்கும் செங்கல் சுவரும் கண்ணாடியும் கதவு நிலையும் அந்த வேறுபாட்டுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். நம் நாட்டு ஐஎஸ் 1893 விதி, வடிவமைப்பு விசையில் ஒரு மாடிக்கு அதன் உயரத்தில் 0.004 பங்குவரை இந்த நகர்வை அனுமதிக்கிறது. 3 மீட்டர் உயர மாடிக்கு அது 12 மில்லிமீட்டர். வடிவமைப்பு விசை என்பது குறைத்து எடுத்துக்கொண்ட விசை. கடுமையான நிலநடுக்கத்தில் வரும் உண்மையான நகர்வு இதைவிடப் பல மடங்கு. உத்தரத்தின் அடிவரை இடைவெளியே விடாமல் கலவை வைத்து அடைத்த நாலரை இஞ்சுச் சுவருக்கு 12 மில்லிமீட்டரே அதிகம். முதலில் குறுக்கு விரிசல், அடுத்த ஆட்டத்தில் சுவர் அறைக்குள் சரியும். கதவு நிலை கோணலாகிக் கதவு திறக்காது. உள்ளே இருப்பவருக்கு அடிபடவில்லை என்றாலும் வெளியே வர முடியாது.

எடை அதிகமானால் பொருள் நகராது என்று நம் ஊர் மேஸ்திரியிலிருந்து சில பொறியாளர்வரை நம்புகிறார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. எடை கூடினால் தள்ளும் விசையும் அதே அளவுக்குக் கூடுகிறது. 2 மீட்டர் உயரமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள ஒரு பீரோ, புவியீர்ப்பு முடுக்கத்தில் கால்பங்கு பக்கவாட்டில் வந்தாலே கால் தூக்கி ஆடத் தொடங்கும். அது மரமா, இரும்பா, உள்ளே பட்டுப்புடவையா, கோப்புகளா என்பது பொருட்டில்லை. ஜெனரேட்டரின் கதை இன்னும் மோசம். சத்தமும் அதிர்வும் தளத்துக்குப் போகக்கூடாது என்று அதை ஸ்பிரிங் மேல் உட்கார வைக்கிறோம். ஓட்டம் நன்றாக இருக்கும், பக்கத்து அறைக்குத் தொந்தரவு இருக்காது. நிலநடுக்கம் வந்தால் அந்த ஸ்பிரிங்குகளே அதைத் துள்ளவைக்கும். பக்கங்களில் தடுப்புக் கட்டைகள் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தால் தப்பும். இயந்திரம் தப்பினாலும் அதைக் கிளப்பும் பாட்டரிகள் ராக்கிலிருந்து விழுந்துவிட்டால், டீசல் நிரம்பிய தொட்டியோடு ஜெனரேட்டர் சும்மா நிற்கும்.

1971-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 600-க்கும் மேற்பட்ட லிஃப்ட்டுகளின் எதிர்எடைகள் தண்டவாளத்தைவிட்டு வெளியே வந்தன என்று அப்போதைய ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. அவற்றில் பல, லிஃப்ட் பெட்டிமீதே மோதின. கலிஃபோர்னியாவில் லிஃப்ட்டுகளுக்குத் தனி நிலநடுக்க விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

பணக்கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஷஹ்ராம் தகவியும் எட்வார்டோ மிராண்டாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கட்டடத்தில் போடும் பணம் எதெதற்குப் போகிறது என்று பிரித்துக் காட்டியது. அலுவலகக் கட்டடத்தில் தூணும் உத்தரமும் தளமும் சேர்ந்து 18 விழுக்காடு, ஹோட்டலில் 13, மருத்துவமனையில் 8. மருத்துவமனையில் மீதி 92 விழுக்காடு சுவர், கூரை, குழாய், கம்பி, கருவி, தளவாடம். நான் மாணவனாக இருந்தபோதும், பிறகு வகுப்பு எடுத்தபோதும், செமஸ்டர் முழுக்க அந்த 8 விழுக்காட்டைப் பற்றித்தான் படித்தோம், படிப்பித்தோம். அது தேவையான படிப்பு. 8 விழுக்காடு விழுந்தால் மற்ற எல்லாமும் போய்விடும். ஆனால் அந்த 8 விழுக்காடு நிமிர்ந்து நிற்கும்போதும் 92 விழுக்காடு போக முடியும்.

ஃபால்ஸ் சீலிங் எனப்படும் தொங்கும் கூரையைப் பற்றி ஜப்பானைப்போல விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட நாடு வேறில்லை. 2003-இல் தொக்காச்சி நிலநடுக்கத்தில் குஷிரோ விமான நிலைய முனையத்தின் கூரை விழுந்தது. 2005 ஆகஸ்டில் செண்டாய் நகரில், திறந்து அதிக நாள் ஆகாத உள்ளரங்க நீச்சல் குளத்தின் கூரை, உள்ளே ஆட்கள் நீந்திக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. பலர் காயமடைந்தார்கள். 2011 மார்ச் 11 பெருநிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த டோக்கியோவில், குடான் கைக்கான் அரங்கில் ஒரு பட்டமளிப்பு விழா நடந்துகொண்டிருந்தது. கூரை விழுந்து 2 பேர் இறந்தார்கள். அதே நாள் கவாசாக்கியின் மூசா இசையரங்கிலும் கூரை இருக்கைகள் மேல் கொட்டியது. அப்போது அரங்கில் ரசிகர்கள் இல்லை. அதைச் சீர்செய்து மறுபடி திறக்க 2013 ஆயிற்று. இந்தக் கட்டடங்களில் எதுவும் இடிந்து விழவில்லை.

கூரை எப்படி விழுகிறது என்பதைச் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த அரங்கின் கூரையும் அந்த இனம்தான். மேல் ஸ்லாபிலிருந்து மெல்லிய கம்பிகள் இறங்குகின்றன. அந்தக் கம்பிகள் செங்குத்து எடையைத் தூக்கும், பக்கவாட்டில் எதையும் பிடிக்காது. ஆட்டம் தொடங்கியதும் கூரைச் சட்டகம் முழுவதும் ஊஞ்சலாடி நான்கு சுவர்களிலும் மோதுகிறது. சுவரை ஒட்டியுள்ள எல்-ஆங்கிள்மேல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் உட்கார்ந்திருக்கும் விளிம்பு முதலில் நழுவும். ஓரத்துப் பலகை விழும். பலகை போனால் சட்டகத்தின் விறைப்பு போகும், அடுத்த பலகை விழும். விளக்குகளைச் சட்டகத்திலேயே மாட்டியிருந்தால் அவையும் கூட வரும். ஸ்ப்ரிங்க்ளரின் தலை மட்டும் மேலேயுள்ள குழாயோடு இறுகி நிற்கிறது. கூரை நகர்ந்து அதன் கழுத்தில் இடிக்கிறது, கழுத்து முறிகிறது, தண்ணீர் கொட்டுகிறது. தீயே இல்லாத இடத்தில் தீயணைப்பு நீர் சொட்டும் காட்சி ஒவ்வொரு பெரிய நிலநடுக்கத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது.

பரிகாரம் சிக்கலானதல்ல. நாலாபக்கமும் சாய்வாக இழுத்துக் கட்டிய கம்பிகள், கூரை மேலே எகிறாமல் இருக்க நடுவில் ஒரு குத்துக்கால், இரண்டு சுவர்களில் இறுக்கிப் பிடித்து எதிர்ச் சுவர்களில் இடைவெளி, விளக்குக்கு ஸ்லாபிலிருந்து தனிக் கம்பி, ஸ்ப்ரிங்க்ளருக்கு வளையும் குழாயும் தலையைச் சுற்றி அகன்ற துளையும். ஜப்பான் 2014-இல், தரையிலிருந்து 6 மீட்டருக்கு மேலே, 200 சதுர மீட்டருக்குமேல் விரிந்து, சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்குமேல் எடையுள்ள கூரைகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. நம் திருமண மண்டபங்களில் முக்கால்வாசியின் அலங்காரக் கூரைகள் இந்த மூன்று அளவுகளையும் தாண்டும் என்பது என் கணிப்பு.

வெளியே விழுபவற்றுக்கு வருகிறேன். 1933 மார்ச் 10 மாலை லாங் பீச் நிலநடுக்கத்தில், பயந்து வீதிக்கு ஓடிவந்தவர்கள்மேல் கைப்பிடிச்சுவர்களும் முகப்புகளும் விழுந்தன. உள்ளேயே இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் பலர். லாஸ் ஏஞ்சலிஸ் மாநகராட்சி 1949-இல் கைப்பிடிச்சுவர்களுக்கென்றே ஓர் ஆணை போட்டது. கைப்பிடிச்சுவர் அடியில் மட்டும் ஒட்டி, மூன்று பக்கமும் காற்றில் நிற்கும் செங்கல் வரிசை. கட்டடத்தின் மிக உச்சியில், ஆட்டம் மிக அதிகமாக இருக்கும் இடத்தில், சரியாக நடைபாதைக்கு மேலே நிற்கிறது.

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பர் 4 அதிகாலை 4:35-க்கு ஒரு பெரிய நிலநடுக்கம். பழைய செங்கல் கட்டடங்களின் முகப்புகள் வீதிகளில் குவிந்தன. வீதியில் ஆள் இல்லை. பிறகு 2011 பிப்ரவரி 22, பகல் 12:51. நகரம் மதிய உணவுக்கு வெளியே வந்திருந்த நேரம். அன்று 185 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இரண்டு கான்கிரீட் கட்டடங்கள் இடிந்ததில் போனவர்கள். ஆனால் கொலம்போ தெருவில், பழைய செங்கல் முகப்பு சரிந்து ஒரு பேருந்து நசுங்கியது. அந்தப் பேருந்தில் இருந்தவர்களில் உயிர்தப்பியவர் ஒருவர்தான், பல்கலைக்கழக ஆசிரியர் ஆன் பிரவர். அவர் அதற்குப் பிறகு நாடாளுமன்றக் குழுவின்முன் போய், மொத்தக் கட்டடத்தையும் பலப்படுத்தப் பணமில்லை என்றால், தெருவின்மேல் விழக்கூடிய பகுதிகளையாவது முதலில் கட்டுங்கள் என்று வாதாடினார். 2016 சட்டத் திருத்தத்தில் அது இடம்பெற்றது. அங்கே அதை அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். பரபரப்பான வீதியோர முகப்புகளுக்கு மற்றக் கட்டடங்களுக்குக் கொடுத்த காலத்தில் பாதிதான் கொடுக்கப்பட்டது.

நார்த்ரிட்ஜும் அதிகாலையில் வந்ததுதான். அன்று விடுமுறை நாள் வேறு. வகுப்பறைகளில் விளக்குகள் பெயர்ந்து மாணவர் மேசைகள்மேல் கிடந்தன. இறந்தோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து இந்த உறுப்புகளால் பெரிய ஆபத்தில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த எண்ணிக்கை, நிலநடுக்கம் எத்தனை மணிக்கு வந்தது என்பதைத்தான் பெரிதும் சொல்கிறது. 2018 ஜூன் 18 ஒசாகா நிலநடுக்கம் காலை 8 மணியளவில் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்த நேரம். தக்காட்சுக்கி நகரில் தன் பள்ளி நீச்சல் குளத்தின் ஹாலோ பிளாக் மதில் விழுந்து 9 வயதுச் சிறுமி இறந்தாள். அந்த மதில் சட்டம் அனுமதித்த உயரத்தைத் தாண்டியது, வேண்டிய முட்டுச் சுவர்களும் இல்லை. 1978 மியாகி நிலநடுக்கத்திலேயே இத்தகைய மதில்கள் பலரைக் கொன்று, அதன்பிறகே அந்த உயர வரம்பு இறுக்கப்பட்டிருந்தது. விதி இருந்தது. அந்த மதிலைப் பார்த்து விதியை நினைக்க வேண்டியவர் யார் என்பதுதான் தீராமல் கிடந்தது.

இதைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு கட்டடத்தில் தூணுக்கு ஒரு பொறியாளர் கையெழுத்துப் போடுகிறார். கூரை அலங்காரத்தை உள்ளலங்காரக்காரர் வரைகிறார், அதை மாட்டுபவர் வேறொரு ஒப்பந்தக்காரர். ஸ்ப்ரிங்க்ளர் குழாய் தீயணைப்பு ஒப்பந்தத்தில் வருகிறது, டக்ட் ஏசி ஒப்பந்தத்தில், கேபிள் தட்டு மின் ஒப்பந்தத்தில், ஆக்சிஜன் குழாய் மருத்துவக் கருவி ஒப்பந்தத்தில். நால்வரும் ஸ்லாபுக்கும் தொங்கும் கூரைக்கும் நடுவே அதே இரண்டடி இடைவெளிக்குள் வேலை செய்கிறார்கள். ஒருவர் மாட்டிய கிளாம்பை இன்னொருவர் கழற்றி நகர்த்துகிறார். யாரும் கெட்டவர்கள் இல்லை, அவரவர் வேலையை ஒழுங்காகவே செய்கிறார்கள். அந்தக் குழாயின் பக்கவாட்டுப் பிடிப்பைக் கணக்கிட்டது யார் என்று கேட்டால் நால்வரும் மற்ற மூவரைப் பார்ப்பார்கள். கட்டமைப்புப் பொறியாளரோ தன் வரைபடத்தில் அது இல்லை என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

கலிஃபோர்னியா அரசு, ஆலிவ் வியூவின் இரண்டாம் பாடத்துக்குப் பிறகு இந்த இடத்தில்தான் கை வைத்தது. 1994-இல் வந்த சட்டத்தின்படி மருத்துவமனைக் கட்டடங்களுக்கு இரண்டு தரவரிசைகள். ஒன்று கட்டமைப்புக்கு, இன்னொன்று கட்டமைப்பு சாராத உறுப்புகளுக்கு. இரண்டாவது வரிசையின் கீழ்ப்படிகளில் தகவல்தொடர்பு, அவசர மின்சாரம், மருத்துவ வாயுக் கிடங்கு, தீ எச்சரிக்கை, வெளியேறும் வழி விளக்கு ஆகியவற்றைப் பிணைக்கச் சொன்னார்கள். உச்சப் படியில் 72 மணி நேரத்துக்குத் தேவையான தண்ணீரும் எரிபொருளும் கழிவுநீர் ஏற்பாடும் வளாகத்திலேயே இருக்க வேண்டும். எந்தக் குழாய்க்கு எங்கே பிடிப்பு என்ற வரைபடத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டும், ஆய்வாளர் ஏணிமேல் ஏறிப் பார்க்க வேண்டும். பொறுப்புக்கு ஒரு பெயர் வந்தது. காலக்கெடுக்கள் பலமுறை தள்ளிப்போயின, செலவைப் பற்றி மருத்துவமனைகள் இன்றும் முறையிடுகின்றன. ஆனாலும் அந்த ஏற்பாடு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

வேறொரு வழியும் இருக்கிறது. ஆட்டத்தை மேலே அனுப்பாமல் கீழேயே நிறுத்துவது. 1994 நார்த்ரிட்ஜின்போது லாஸ் ஏஞ்சலிஸ் யுஎஸ்சி பல்கலைக்கழக மருத்துவமனை, அஸ்திவாரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ரப்பர் தாங்கிகள் வைத்துக் கட்டப்பட்டிருந்தது. அங்கே வெளித்தரையில் 0.49, கூரையில் 0.21. ஆலிவ் வியூவைவிட அது மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருந்தது, ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது. ஆனால் கூரை முடுக்கம் தரையைவிடக் குறைந்ததைப் பாருங்கள். அலமாரியில் இருந்த பொருள்கள் அப்படியே இருந்தன, மருத்துவமனை தொடர்ந்து இயங்கியது. நம் நாட்டில் 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் புஜ் மாவட்ட மருத்துவமனை இடிந்து நோயாளிகளும் ஊழியர்களும் மாண்டார்கள். அதற்கு மாற்றாகக் கட்டிய மருத்துவமனை இத்தகைய தாங்கிகள்மேல்தான் நிற்கிறது. எல்லா மருத்துவமனைக்கும் இது கட்டுப்படியாகாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்காவது யோசிக்கலாம்.

இங்கே நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் அளவு 6-ஐ ஒட்டிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக் கடலில் வந்தது சென்னையை ஆட்டியது. ஐஎஸ் 1893 விதியின் 2002 திருத்தத்தில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது சென்னை அலுவலகங்களிலிருந்து மக்கள் படியிறங்கி ஓடிவந்ததை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். நம் தூண்கள் உடையாத மிதமான ஆட்டம்தான் இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டியது. அதே ஆட்டத்தில் சுவரும் கூரையும் குழாயும் உடையும். ஆகவே இந்தப் பேச்சு நமக்குக் கூடுதலாகவே பொருந்தும். உயர்கட்டடங்களுக்கான ஐஎஸ் 16700 விதி 2017-இலேயே இந்த உறுப்புகளைப் பற்றிப் பேசியது. சென்னை ஐஐடியில் பணியாற்றிய பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தியும் உடன் உழைத்தவர்களும் குஜராத் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக எழுதிய கையேடு படங்களோடு, எளிமையாக இருக்கிறது.

இங்கே வந்திருக்கும் பொதுப்பணித்துறைப் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மருத்துவமனை ஒப்பந்தப்புள்ளியில் ஒரு பிரிவைச் சேருங்கள். தொங்கும், நிற்கும், ஓடும் ஒவ்வொரு சாதனத்துக்கும் பிடிப்பு வரைபடம் வேண்டும், எல்லா ஒப்பந்தக்காரர்களின் பிடிப்புகளையும் ஒருசேரப் பார்த்துக் கையெழுத்திட ஒரு பொறியாளர் வேண்டும், அவர் பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனைகளில் பாட்டரி ராக்கிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஜெனரேட்டர், ஆக்சிஜன் குழாய், தீவிர சிகிச்சைப் பிரிவின் கூரை, மொட்டைமாடித் தொட்டி, வாசலுக்கு மேலே இருக்கும் கைப்பிடிச்சுவர். இவற்றில் பாதிக்கு ஆங்கிளும் நாலு ஆங்கர் போல்ட்டும் ஒரு நாள் கூலியும் போதும்.

இறுதியாண்டு மாணவர்களே, ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி வருகிறபோது என்னிடம் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் அனுமதி வாங்குங்கள். தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை நடந்து, எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எது எதையும் பிடிக்காமல் நிற்கிறது என்று அறை அறையாகப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றின் எடையும் உயரமும் எழுதுங்கள், ஐஎஸ் 1893-ஐ வைத்து அதற்கு வரக்கூடிய விசையைக் கணக்கிடுங்கள், எந்த அளவு போல்ட் எத்தனை வேண்டும் என்று பக்கத்தில் குறியுங்கள். ஒரு பிரதியைக் கல்லூரியில் கொடுங்கள். இன்னொரு பிரதியை அந்த மருத்துவமனையின் பராமரிப்புப் பொறியாளரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அவரோடு ஒருமுறை மொட்டைமாடிவரை ஏறி இறங்குங்கள்.